உண்டென்று விசுவாசிக்கிறேன்: தரங்கம்பாடியிலிருந்து தேரிக்காடு வரை

செவ்வாய் – தரங்கம்பாடி

திடப்படுத்தல் வகுப்பில் ஒன்பது பிள்ளைகள். பேராயர் அவர்கள் தலையில் கை வைத்து ஜெபிக்கும் நாளுக்கு முன்னால் விசுவாசப் பிரமாணத்தை, அதாவது கிறிஸ்தவர்கள் எதை நம்புகிறார்கள் என்ற சுருக்க அறிக்கையை, வரிவரியாகச் சொல்லிக்கொடுப்பது என் வேலை. எங்கள் ஆயர் என் தலையில் கட்டிவிட்டது என்றும் சொல்லலாம். மூன்று வாரம் ஒழுங்காகப் போயிற்று. நாலாவது வாரம் பின்வரிசைப் பையன் ஒருத்தன் கையைத் தூக்கினான்.

"அங்கிள், பிதாவை விசுவாசிக்கிறேன், குமாரனை விசுவாசிக்கிறேன், ஆவியை விசுவாசிக்கிறேன்னு சொல்றோம். சபைன்னு வரும்போது மட்டும் ஏன் 'உண்டென்று விசுவாசிக்கிறேன்'? சபைதான் கண்ணு முன்னாடியே இருக்கே!"

கடைசி வரிகளைத்தான் கேட்கிறான். "பொதுவாயிருக்கிற பரிசுத்த சபையும், பரிசுத்தவான்களுடைய ஐக்கியமும், பாவமன்னிப்பும், சரீரம் உயிர்த்தெழுதலும், நித்திய ஜீவனும் உண்டென்று விசுவாசிக்கிறேன்." நாற்பது வருஷமாக ஞாயிறுதோறும் எழுந்து நின்று ஒப்பிக்கிறேன். ஒரு நாளும் இந்த 'உண்டென்று' காலில் தட்டியதில்லை. "அடுத்த வாரம் பாப்போம்" என்றேன். அடுத்த வாரத்து வகுப்பை ஆயரிடமே ஒப்படைத்துவிட்டு ஆறு நாள் லீவு போட்டுப் பஸ் ஏறிவிட்டேன். தமிழில் இந்தப் பிரமாணம் நடந்து வந்த பாதையில் நானும் கொஞ்சம் நடந்து பார்க்கலாம் என்று நினைப்பு. தினமும் ராத்திரி தூங்குமுன் எழுதிப் போடுகிறேன்.

டேனியர்கள் 1620-ல் கட்டிய கோட்டையைத் தாண்டினால் கடல். நான் பார்க்க வந்தது ராஜ வீதியில் இருக்கும் புது எருசலேம் ஆலயம். 1718-ல் கட்டியது. முகப்பில் டென்மார்க் ராஜாவின் கிரீட முத்திரை, உள்ளே பீடத்துக்கு முன்னால் ஜெர்மன் மிஷனெரி சீகன்பால்குவின் கல்லறை. 1706 ஜூலை 9-ம் தேதி வந்து இறங்கியபோது அவருக்கு இருபத்து மூன்று, இருபத்து நாலு வயதுதான். இந்த ஆலயம் பிரதிஷ்டையான சில மாதங்களில், 1719 பிப்ரவரியில், முப்பத்தாறு வயதில் இங்கேயே அடக்கம் ஆகிவிட்டார். நடுவில் தரங்கம்பாடித் தளபதியோடு மோதி நாலு மாதம் கோட்டைச் சிறையில் இருந்ததும் உண்டு. அவரைச் சிறையில் போட்டதும் ஒரு கிறிஸ்தவர்தான். அந்தத் தளபதியும் ஞாயிற்றுக்கிழமை எழுந்து நின்று இதே பிரமாணத்தைத்தான் சொல்லியிருப்பார்.

திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு மணலில் விரலால் எழுதித் தமிழ் படித்த மனிதர் சீகன்பால்கு. அந்தத் தமிழில் முதல் சிக்கல் முதல் வரியிலேயே வருகிறது. 'தேவனை' விசுவாசிக்கிறேன் என்று நாம் சர்வசாதாரணமாகச் சொல்கிறோம். அவருக்கு அந்தச் சொல் தோதாக இல்லை. கத்தோலிக்கர்கள் ஏற்கெனவே புழங்கிய 'சருவேசுரன்' என்பதை எடுத்துக்கொண்டார். பிறகு வந்த மிஷனெரி பப்ரிஷியஸ் 'பராபரன்' என்றார். 1871-ன் வேதாகமத்தில்தான் 'தேவன்' நிலைத்தது. இப்போதைய பொது மொழிபெயர்ப்பில் 'கடவுள்'. முந்நூறு வருஷத்தில் நாலு பெயர். பள்ளிக்கூடத்தில் 'தேவன்' என்று எழுதியதற்காகப் பக்கத்து பெஞ்சுக்காரன் "அது எந்த தேவன்?" என்று கேட்டது ஞாபகம் வந்தது. நியாயமான கேள்வி. அவனுக்கும் நான் பதில் சொல்லவில்லை.

பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுக்க, ஜெர்மனியில் சபைச் சீர்திருத்தம் தொடங்கிய லூத்தரின் சிறிய வினாவிடைப் புத்தகம்தான் இங்கே அடிப்படை. பத்துக் கட்டளை, விசுவாசப் பிரமாணம், கர்த்தருடைய ஜெபம், ஞானஸ்நானம், இராப்போஜனம் என்னும் திருவிருந்து, எல்லாம் வினாவும் விடையுமாக. மனுஷன் தன் கிரியையினால் அல்ல, கிருபையினாலே, விசுவாசத்தின் மூலம் நீதிமானாக்கப்படுகிறான் என்பது லூத்தரன் சபைக்கு முதுகெலும்பு. அப்பத்திலும் ரசத்திலும் கிறிஸ்துவின் சரீரமும் இரத்தமும் மெய்யாகவே உண்டு என்பதிலும் அவர்கள் பிடிவாதமாக நிற்பார்கள். எங்கள் தென்னிந்தியத் திருச்சபையில் (சி.எஸ்.ஐ.) அதைப் பற்றி யாரும் யாரையும் இவ்வளவு நெருக்கிக் கேட்பதில்லை.

ஊரை விட்டுக் கிளம்பும்போது இன்னொன்று நினைவுக்கு வந்தது. 1919 மே மாதம் இதே தரங்கம்பாடியில் முப்பத்து மூன்று ஊழியர்கள் கூடினார்கள். இருவர் தவிர எல்லாரும் இந்தியர்கள். ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரஸ்பிடேரியன், கான்கிரிகேஷனல் என்று நாம் பிரிந்து கிடப்பதில் பாதிக்கு மேல் நாம் போட்ட சண்டை இல்லை, ஐரோப்பாவில் யாரோ போட்ட சண்டை, அதை நாம் ஏன் சுமக்க வேண்டும் என்பதுதான் அவர்கள் பேச்சின் சாரம். அந்தப் பேச்சு இருபத்தெட்டு வருஷம் இழுத்து, 1947 செப்டம்பர் 27-ல் சென்னை செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலில் தென்னிந்தியத் திருச்சபை ஆனது. சுதந்தரம் வந்து ஆறு வாரம்தான் ஆகியிருந்தது. இடம் கொடுத்த ஊரின் லூத்தரன் சபை மட்டும் அந்த ஐக்கியத்தில் சேரவில்லை. அதே 1919-ல் அவர்கள் தமிழ் சுவிசேஷ லூத்தரன் திருச்சபை என்று தனியாக அமைந்தார்கள். இன்றுவரை அப்படியே இருக்கிறார்கள். அவர்களுடைய பேராயருக்கு இன்றும் தரங்கம்பாடிப் பேராயர் என்றுதான் பட்டம்.

'பொதுவாயிருக்கிற' சபை. முதல் நாளே இடறுகிறது.

புதன் – தஞ்சாவூர்

பெரிய கோயிலைத் தாண்டிச் சிவகங்கைப் பூங்கா பக்கம் போனால் சுவார்ட்ஸ் ஆலயம். 1779-ல் கட்டியது. உள்ளே வெள்ளைப் பளிங்குச் சிற்பம் ஒன்று. ஜெர்மன் மிஷனெரி சுவார்ட்ஸ் சாகக் கிடக்கிறார், தஞ்சாவூர் ராஜா இரண்டாம் சரபோஜி அவர் கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். இங்கிலாந்துச் சிற்பி ஜான் ஃபிளாக்ஸ்மன் செய்தது, செய்யச் சொன்னது சரபோஜி. ராஜா ஞானஸ்நானம் பெற்றவர் இல்லை, கடைசிவரை இந்துதான். ஆனாலும் 1798 பிப்ரவரியில் சுவார்ட்ஸ் இறந்தபோது மகன் மாதிரி வந்து நின்றார். கல்லறைக்குத் தானே ஆங்கிலத்தில் பாட்டெழுதினார். பரிசுத்தவான்களுடைய ஐக்கியம் என்று எதையாவது கல்லில் செதுக்கிக் காட்டச் சொன்னால் நான் இதைத்தான் காட்டுவேன். ஆனால் இந்த ராஜா சபைப் பதிவேட்டில் இல்லை.

பதிவேட்டில் இருந்தவர்கள் கதை வேறு. அதைத்தான் இன்று எழுத வேண்டும். இனிப்பான விஷயம் இல்லை.

தரங்கம்பாடிப் பாரம்பரியத்தில் சாதியை மிஷனெரிகள் பெரிதாகத் தொடவில்லை. அது ஊர் வழக்கம், சமூக மரியாதை, விசுவாசத்தோடு சம்பந்தப்பட்டது அல்ல என்று விட்டுவைத்தார்கள். நல்ல எண்ணத்தில்தான் விட்டிருப்பார்கள். விளைவு, ஆலயத்துக்குள் வெள்ளாளர் ஒரு பக்கம் பாயில், தலித்துகள் இன்னொரு பக்கம் தரையில். பந்திக்கு வருவதிலும் முன்பின் உண்டு. கர்த்தருடைய பந்தியான திருவிருந்தைச் சொல்கிறேன், கல்யாணப் பந்தியை அல்ல.

1833-ல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். சபைக்குள் சாதி வேற்றுமை உடனே, முற்றாக, இனி ஒருபோதும் இல்லாதபடி விடப்பட வேண்டும், திருவிருந்துக்கு எல்லாரும் ஒன்றாக வர வேண்டும் என்று. தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் பெரிய கலகம். நிறையப் பேர் சபையை விட்டே வெளியேறினார்கள். சில வருஷங்களில் ஜெர்மனியிலிருந்து வந்த லூத்தரன் மிஷன் இவ்வளவு கறார் காட்டாததால் அங்கே போய்ச் சேர்ந்தவர்கள் பலர்.

எனக்கு வலிக்கிற இடம் இன்னொன்று. சாதியை விடச் சொல்லக் கூடாது என்று எழுதி வாதாடியவர்களில் வேதநாயகம் சாஸ்திரியாரும் ஒருவர். பாளையங்கோட்டையில் பிறந்து, சுவார்ட்ஸ் கைப்பிடித்துத் தஞ்சாவூருக்கு அழைத்து வந்த பையன். சரபோஜியின் தோழர். அவர் கீர்த்தனைகள் இல்லாமல் எங்கள் வீட்டில் ஒரு குடும்ப ஜெபமும் முடிந்ததில்லை. ஆச்சி அடுப்படியில் அவர் பாட்டைத்தான் முணுமுணுத்துக்கொண்டிருப்பாள். அவர் மிஷனெரிகளைக் கேட்ட கேள்விகளில் சிலதுக்கு இன்றும் மறுப்புச் சொல்வது கஷ்டம். உங்கள் நாட்டில் பிரபுவும் வேலைக்காரனும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிறார்களா என்பது மாதிரியான கேள்விகள். கேள்வி சரி. அவர் அதிலிருந்து வந்து சேர்ந்த முடிவைத்தான் ஏற்க முடியவில்லை.

இரவு பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது பக்கத்திலிருந்த பெரியவர் பேச்சுக் கொடுத்தார். எங்கே போகிறீர்கள், எந்த ஊர், அப்பா பேர் என்ன. திருநெல்வேலிப் பக்கம் என்றதும் முகம் மலர்ந்தது. "அங்க நீங்க யாரு?" எல்லாருக்கும் தெரியும் இந்த 'யாரு' எதைக் கேட்கிறது என்று. "கிறிஸ்டியன் சார்" என்றேன். "அது சரி, அதுல?" என்றார்.

வியாழன் – பாளையங்கோட்டை

பஸ்ஸில் தூக்கமில்லை. தாமிரபரணி பாலத்தில் கண் விழித்தேன்.

தெற்கே 'சர்ச்' என்று யாரும் சொல்வதில்லை, கோயில்தான். அதைப் பார்த்துக்கொள்பவர் கோயில்பிள்ளை. பாளையங்கோட்டைப் பழைய கோட்டைப் பகுதியில் இருக்கும் சின்னக் கோயிலைக் கிளாரிந்தா ஆலயம் என்று எழுதிப்போட்டிருந்தாலும், ஊருக்கு அது பாப்பாத்தியம்மாள் கோயில்.

கோகிலா என்ற மராட்டியப் பிராமணப் பெண்தான் பிற்பாடு கிளாரிந்தா. தஞ்சாவூர் அரண்மனை வட்டாரத்தைச் சேர்ந்தவர். விதவையானபின் ஓர் ஆங்கிலேய அதிகாரியின் பாதுகாப்பில், அவரோடு, கல்யாணம் இல்லாமல் வாழ்ந்தார். அவரிடமே கிறிஸ்தவ விசுவாசத்தைக் கற்றார். ஞானஸ்நானம் கேட்டபோது சுவார்ட்ஸ் மறுத்துவிட்டார், முறையற்ற வாழ்க்கை என்று. அதிகாரி இறந்தபின் 1778-ல் இதே பாளையங்கோட்டையில் ஞானஸ்நானம் கொடுத்தார். 1780-ல் எழுதிய பதிவேட்டில் சபைக்கு மொத்தம் நாற்பது பேர். திருநெல்வேலித் திருச்சபையின் முதல் பக்கம் அது. 1785-ல் சுவார்ட்ஸே வந்து பிரதிஷ்டை செய்த இந்தக் கோயில், அந்தப் பெண் எழுப்பியது.

வாசலில் நின்று வெகுநேரம் யோசித்தேன். திடப்படுத்தல் வகுப்பில் பாவமன்னிப்பைப் பற்றிப் பேசும்போது அப்பாவை விட்டுப் போய்க் கெட்டுத் திரும்பி வந்த மகனின் கதையை, கெட்டகுமாரன் கதையைத்தான் சொல்கிறோம். அவனுக்குத் திரும்பிப்போக வீடாவது இருந்தது. இவள் திரும்பிப்போக ஒரு வீடும் இல்லை. ஒரு பக்கம் கைம்பெண், இன்னொரு பக்கம் வெள்ளைக்காரனோடு வாழ்ந்தவள், மூன்றாவது பக்கம் சபை கதவைச் சாத்துகிறது. கதவைச் சாத்தின அதே ஐயர் (தெற்கே குருவை அப்படித்தான் சொல்வோம்) வருஷங்கள் கழித்துத் திறக்கிறார். திறந்ததும் அவள் உள்ளே போய் ஒரு மூலையில் உட்காரவில்லை, கோயிலே கட்டிவிட்டாள்! மன்னிக்கப்பட்டவர்களின் பட்டியலில் சுவார்ட்ஸ் பேரையும் சேர்க்க வேண்டும் என்று எனக்குப் படுகிறது. ஆயர் இதைப் படித்தால் என்ன சொல்வாரோ.

கோயிலைக் காட்டிய பெரியம்மா, "இவுக குடிதண்ணிக்குக் கிணறும் வெட்டிக் குடுத்தாவன்னு எங்க அம்மை சொல்லுவா" என்றார். யாருக்கு என்று கேட்டேன். "எல்லாருக்கும்தான். பொதுக் கிணறுன்னா பொதுதான?"

வடமொழியிலோ கிரேக்கத்திலோ ஒரு சொல்லை இரவல் வாங்காமல், ஊர்க்கிணற்றுக்கும் மந்தைக்கும் சொல்கிற 'பொது'வைச் சபைக்குச் சொன்னார்களே, அந்த மொழிபெயர்ப்பாளர்கள் யாராக இருந்தாலும் அவர்களுக்கு ஒரு கும்பிடு. எல்லாரும் இறைக்கலாம் என்றால்தான் அது பொது. இல்லையென்றால் அது யாரோ ஒருவர் வீட்டுக் கிணறு.

மாலையில் ஊசிக்கோபுரம், 1826-ல் ரேனியஸ் கட்டிய ஆலயம். பிறகு அடைக்கலாபுரத்தில் அவர் கல்லறை. ரேனியஸ் பிறப்பால் ஜெர்மானியர், லூத்தரன் வழியில் வந்தவர், ஆங்கிலிக்கன் சங்கத்தின் சம்பளத்தில் வேலை செய்தவர். உபதேசியார்களை, அதாவது சபைகளில் போதிக்கும் உள்ளூர் ஊழியர்களை, குருக்களாக அபிஷேகம் செய்ய பிஷப் வேண்டுமா, மூத்த குருமார் போதாதா என்பதில் தகராறு முற்றி 1835-ல் சங்கம் அவரை நீக்கியது. சபைகள் இரண்டாகப் பிளந்தன. 1838-ல் அவர் இறந்தபின்தான் ஒட்டின. யார் கை வைத்தால் குரு ஆவார் என்ற இந்தச் சண்டைக்கு 1947-ல்தான் ஒரு வழி கண்டார்கள். பேராயர் உண்டு. ஆனால் பேராயர் பதவிக்கு இன்னதுதான் தத்துவம் என்று யாரையும் கட்டாயப்படுத்துவதில்லை. வேதம், இரண்டு பிரமாணங்கள், ஞானஸ்நானமும் திருவிருந்தும் ஆகிய இரண்டு சாக்கிரமெந்துகள் என்னும் புனிதச் சடங்குகள், பேராயர் ஊழியம், இந்த நாலில் எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள். ஒன்று நாம் ஞாயிறுதோறும் சொல்கிற சின்ன அப்போஸ்தலப் பிரமாணம், மற்றது 325-ல் நிசேயா சங்கத்தில் தொடங்கி 381-ல் முழு வடிவம் பெற்ற நிசேயா பிரமாணம். குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கலாமா என்பதிலும் அதே தாராளம். கொடுக்கலாம், வளர்ந்தபின் தானே அறிக்கையிட்டும் பெறலாம்.

தாராளம் என்கிறேன். "எல்லாத்தையும் மூடி மறைச்சுட்டாங்க" என்பார் பெந்தெகொஸ்து சபைக்குப் போன என் மச்சான். அவரோடு வாதாட இன்று தெம்பில்லை.

வெள்ளி – இடையன்குடி, முதலூர்

காற்று கொன்றுவிட்டது. தேரி என்னும் செம்மணல் மேடு முழுக்க எழுந்து வந்து கண்ணில் விழுகிறது.

இடையன்குடி ஆலயத்தைக் கட்டி முடிக்கக் கால்டுவெல்லுக்கு முப்பத்து மூன்று வருஷம் ஆயிற்று, 1847 முதல் 1880 வரை. திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை 1856-ல் வெளியிட்டவருக்கு ஒரு கோயில் கட்ட அதைவிட நாள் பிடித்திருக்கிறது. 1891-ல் கொடைக்கானலில் இறந்தார். இங்கே கொண்டுவந்து பீடத்துக்குக் கீழே அடக்கம் செய்தார்கள். பார்த்துவிட்டுக் கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன்.

எனக்குக் கல்லறைத் தோட்டம் பிடிக்கும். சொல்லவே கூச்சமாக இருக்கிறது. நம் ஊர்க் கிறிஸ்தவர்கள் கல்லில் 'இறந்தார்' என்று எழுதுவதில்லை, 'நித்திரையானார்' என்றுதான் எழுதுவார்கள். தலை மேற்கே, கால் கிழக்கே வைப்பார்கள். கர்த்தர் கிழக்கேயிருந்து வரும்போது எழுந்தால் நேரே அவர் முகத்தைப் பார்க்கலாமாம். சின்ன வயதில் இதை ஆச்சி சொல்லித்தான் தெரியும். ஆத்துமா பரலோகம் போகும் என்பதோடு நம் பிரமாணம் நின்றுவிடவில்லை. சரீரம் உயிர்த்தெழுதல் என்கிறது. பனையேறிக் காய்ச்சுப்போன கை, கருப்பட்டிப் பானையில் சுட்டுக்கொண்ட கை, அதே கை. இந்தத் தேரிக்காட்டில் முதன்முதலாகக் கேட்டவர்களுக்கு அந்த வரி என்னவாக இருந்திருக்கும்! உடம்பை வைத்துத்தான் அவர்களைத் தெருவில் ஒதுக்கினார்கள், பக்கத்துத் திருவிதாங்கூரில் பெண்கள் இடுப்புக்கு மேலே துணி போடக்கூடாது என்றார்கள். அந்த உடம்பைத்தான் கடவுள் எழுப்புவார் என்று ஒருத்தர் வந்து சொல்கிறார்.

முதலூர் ஒரு மணி நேரம் மட்டும். 1799-ல் தாவீது சுந்தரானந்தம் என்ற உபதேசியார், துரத்தப்பட்ட கிறிஸ்தவக் குடும்பங்களுக்காக நிலம் வாங்கி அமைத்த முதல் ஊர், அதனால் முதலூர். ஓடிவந்தவர்கள் ஒரே இடத்தில் கூரை போட்டதுதான் இங்கே 'சபை'யின் ஆரம்பம். மஸ்கோத் அல்வா அரைக் கிலோ வாங்கினேன். வீட்டுக்குப் போகும்வரை இருக்குமா தெரியவில்லை.

சனி – மூக்குப்பீறி, மெய்ஞ்ஞானபுரம்

சனிக்கிழமைதான் மூக்குப்பீறிக்குப் போக வேண்டும் என்று முன்பே கணக்குப் போட்டு வைத்திருந்தேன். இங்கே உள்ள இந்து கிறிஸ்தவ சபைக்கு ஓய்வுநாள் சனி. 1857-ல் அருமைநாயகம் சட்டம்பிள்ளை என்பவர் மிஷனெரிகளோடு முறித்துக்கொண்டு தொடங்கியது. கால்டுவெல் 1849-ல் நாடார் சமூகத்தைப் பற்றித் தாழ்வாக எழுதிய சிறுநூல் அவரைக் கொதிக்கவைத்தது. வெள்ளைக்காரக் குருவும் வேண்டாம், வெள்ளைக்கார வழக்கமும் வேண்டாம், வேதம் மட்டும் போதும் என்று பழைய ஏற்பாட்டுக்கே திரும்பினார்கள். தரையில் உட்கார்ந்து, சாஷ்டாங்கமாக விழுந்து, சாம்பிராணி போட்டு ஆராதனை.

நாசரேத்திலிருந்து ஆட்டோவில் கூப்பிடு தூரம். சின்ன வயதில் எங்கள் வீட்டில் இவர்களைப் பற்றிக் கேலியாகத்தான் பேசுவார்கள். இன்று நினைத்தால் அந்தக் கேலிதான் கேலிக்குரியது. அவர்கள் இயேசுவை விடவில்லை, தாம் குனிந்து நின்ற இடத்தை மட்டும் விட்டார்கள். ஐக்கியம் என்ற சொல்லுக்குள் மரியாதையும் அடங்கும் என்பதைத் தஞ்சாவூரில் மேலே இருந்தவர்கள் ஒரு விதமாகச் சொன்னார்கள், இங்கே கீழே தள்ளப்பட்டவர்கள் வேறு விதமாகச் சொன்னார்கள். இரண்டையும் நான் ஒரே தட்டில் வைக்கவில்லை.

மெய்ஞ்ஞானபுரம் பரிசுத்த பவுலின் ஆலயக் கோபுரம் 192 அடி. பனங்காட்டுக்கு மேலே தூரத்திலேயே தெரிகிறது. ஜான் தாமஸ் ஐயர் 1847-ல் ஆலயத்தையும் 1868-ல் கோபுரத்தையும் முடித்தார். அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்ததுதான் மிச்சம். எனக்குக் கோபுரத்தைவிடப் பக்கத்து வெள்ளாளன்விளைதான் முக்கியம். 1874-ல் அங்கே ஐயர் வீட்டில் பிறந்தவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. 1912-ல் தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல்லின் பேராயரானார்; ஆங்கிலிக்கன் சபையில் இந்தியர் ஒருவர் பேராயரானது அதுதான் முதல்முறை. செவ்வாய்க்கிழமை எழுதிய தரங்கம்பாடிக் கூட்டத்தைக் கூட்டியவர்களில் முதன்மையானவர் இவரே. 1945 ஜனவரி முதல் தேதி இறந்துபோனார், ஐக்கியத்தைக் கண்ணால் பார்க்கவில்லை.

1910-ல் எடின்பரோவில் உலக மிஷனெரி மாநாடு. முப்பத்தைந்து வயது அசரியா மேடையேறி, நீங்கள் ஏழைகளுக்கு உங்கள் ஆஸ்திகளைக் கொடுத்தீர்கள், உங்கள் சரீரங்களைச் சுட்டெரிக்கக் கொடுத்தீர்கள், அன்பையும் கேட்கிறோம், எங்களுக்குச் சிநேகிதர்களைத் தாருங்கள் என்றார். மிஷனெரி பங்களாவுக்கு வருகிற இந்திய ஊழியரை உட்காரச் சொல்லிக் கை குலுக்க ஆள் இல்லை என்பதுதான் அவர் சொன்னதன் பச்சையான அர்த்தம். அரங்கத்தில் பலருக்குப் பிடிக்கவில்லை.

பையன் கேட்டதற்கு நான் தேடிக்கொண்டிருந்த பதில் ஏறக்குறைய அவர் பேச்சில்தான் இருந்தது. கண்ணுக்குத் தெரிகிற சபையைப் பார்த்தால் ஐக்கியம் உண்டென்று யாரும் சொல்ல மாட்டார்கள். உயிர்த்தெழுதலை எப்படிக் காணாமல் விசுவாசிக்கிறோமோ அப்படித்தான் இதையும் விசுவாசிக்க வேண்டியிருக்கிறது. அதனால்தான் அந்த ஐந்தையும் ஒரே 'உண்டென்று' கட்டி வைத்திருக்கிறது போல. மூல மொழியில் இப்படி இருக்கிறதா இல்லையா என்ற ஆராய்ச்சி எனக்கு வேண்டாம். தமிழில் இருக்கிறது.

ஞாயிறு – தேரிக்காட்டில் ஓர் ஊர்

ஊர்ப் பெயர் எழுதவில்லை. சின்ன சபை, முப்பது குடும்பம் இருக்கும். ஐயர் மாதத்தில் ஒரு ஞாயிறுதான் வருவார், மற்ற ஞாயிறுகளில் உபதேசியார் நடத்துவார். என் அதிர்ஷ்டம், இன்று ஐயர் வரும் நாள், அதனால் திருவிருந்து உண்டு.

இரண்டாம் மணி அடித்ததும் உள்ளே போனேன். ஆண்கள் வலப்பக்கம், பெண்கள் இடப்பக்கம், முன்னால் பாயில் பிள்ளைகள். திருவிருந்து ஞாயிறானதால் நிசேயா பிரமாணம் வரும் என்று நினைத்தேன். ஐயர் சின்னதையே சொல்லலாம் என்றுவிட்டார், வெயில் ஏறுகிறதாம். எல்லாரும் எழுந்து நின்றார்கள். நகரத்தில் நாங்கள் ரயில் பிடிக்கப் போவதுபோல் சொல்வோம். இவர்கள் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நின்று மூச்சு விட்டுச் சொன்னார்கள். 'பாதாளத்தில் இறங்கினார்' என்ற இடத்தில் குரல்கள் தணிந்தன. 'உயிர்த்தெழுந்தருளினார்' என்ற இடத்தில் ஏறின. யாரும் சொல்லிக்கொடுத்து வந்தது மாதிரித் தெரியவில்லை. எனக்குப் பின்னால் ஒரு தாத்தா அரை வாக்கியம் பிந்தியே வந்துகொண்டிருந்தார். எல்லாரும் ஆமென் சொல்லி உட்கார்ந்தபின் அவர் ஒருத்தர் மட்டும் "நித்திய ஜீவனும் உண்டென்று விசுவாசிக்கிறேன்" என்று நிதானமாக முடித்துவிட்டு உட்கார்ந்தார்.

பிறகு சமாதானம் கொடுக்கும் நேரம். ஐயர் பீடத்தண்டையிலிருந்து வந்து முதல் ஆளின் கூப்பிய கைகளைத் தன் உள்ளங்கைகளுக்குள் வைத்து அழுத்த, அவர் அடுத்தவருக்கு, அவர் அதற்கடுத்தவருக்கு என்று கைமாறிக் கைமாறி வரும். சி.எஸ்.ஐ. ஆராதனை முறையை 1950-ல் எழுதியவர்கள் கேரளத்துச் சிரியன் சபைகளின் வழக்கத்தைப் பார்த்துச் சேர்த்தது இது. பிறகு மற்ற நாட்டுச் சபைகளும் இதை எடுத்துக்கொண்டன. எனக்குக் கொடுத்தது அந்தத் தாத்தாதான். பனையேறின கை, அரம் மாதிரி இருந்தது. சமாதானம் என்றார். கையை உடனே விடவும் இல்லை.

முழங்காலிட்டோம். அப்பம். ஒரே பாத்திரம். தாத்தா குடித்துவிட்டுத் தள்ள, ஐயர் துணியால் விளிம்பைத் துடைத்து என் வாயில் வைத்தார்.

முடிந்து வெளியே வந்தால் வேப்பமர நிழலில் காணிக்கைக் காய்கறி ஏலம். முருங்கைக்காய் ஒரு கட்டு, இரண்டு பூசணி, ஒரு கோழி. பூசணிக்குப் போட்டி பலமாக இருந்தது. தாத்தா என்னைத் தேடி வந்து பக்கத்தில் திண்டில் உட்கார்ந்தார்.

"எங்கன இருந்து வாரிய?"

சொன்னேன்.

"சொந்த ஊரு?"

அதையும் சொன்னேன்.

"அடடே, அங்க நமக்கு ஆளு உண்டே!" என்று முகம் மலர்ந்து, கொஞ்சம் குனிந்து, குரலைத் தணித்தார். "அங்க எந்தத் தெரு?"

என் கையில் இன்னும் அவர் கொடுத்த சமாதானத்தின் சொரசொரப்பு இருந்தது. "கோயில் தெரு தாத்தா" என்றேன். எங்கள் ஊரில் கோயில் தெரு என்று ஒன்று கிடையாது.

அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். அவருக்குப் புரிந்துவிட்டது. கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் கோழி ஏலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் மெல்லச் சிரித்து என் தொடையில் தட்டினார்.

"சரி, இருந்து சாப்ட்டுப் போங்க. பஸ்ஸு மூணு மணிக்குத்தான்."